ஒன்பது அடி ஊற்று

ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் ஐஸ் கம்பெனி இருந்தது. 1968-இல் வாப்பா தொடங்கினார். பொறியியல் படித்துவிட்டு 1979-இல் நான் அதற்குள் போனேன். 2018-இல் கம்ப்ரசரைக் கடைசியாக நிறுத்தியதும் என் கைதான். இந்தக் கரையைப் பற்றி எழுதுகிறவர்கள் இறாலைப் பற்றி எழுதுகிறார்கள், படகுகளைப் பற்றி எழுதுகிறார்கள், கடல் எல்லையில் மீனவர்கள் படும் பாட்டை எழுதுகிறார்கள். எல்லாம் எழுத வேண்டியவைதான். ஆனால் பிடித்த மீன் கெடாமல் மதுரைக்கும் கொச்சிக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 39 ஆண்டுகள் அதே வேலையாக இருந்தவன் நான்.

பாட்டனார் கீழக்கரையில் கருவாட்டு வியாபாரம் செய்தவர். நெத்திலி, சாளை, திருக்கை, எது வந்தாலும் உப்புத்தான் காப்பு. வாப்பா தலையெடுத்த காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வரத் தொடங்கிவிட்டன. இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்தது. இறாலைக் காயப்போட்டால் அந்த விலை கிடைக்காது. ஐஸில் போட்டால்தான் கிடைக்கும். வாப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். படகு டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதில் நல்ல கை. கீழக்கரையில் இருந்த கருவாட்டுக் கிட்டங்கியை விற்று, மண்டபத்தில் வடகடல் பக்கம் இடம் வாங்கி, தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய அம்மோனியா கம்ப்ரசரைக் கொண்டுவந்து இறக்கினார். கருவாட்டை விட்டதோடு வீட்டிலிருந்து உப்பு வாடை ஒழிந்தது என்று உம்மா நிம்மதிப்பட்டார்களாம். ஆனால் கம்ப்ரசருக்கு அடுத்து வந்து இறங்கிய சரக்கே உப்பு மூட்டைகள்தான். உப்பு இல்லாமல் எங்கள் ஐஸ் இல்லை.

தெரியாதவர்களுக்காக அந்த வேலையைச் சொல்கிறேன். தரைக்குள் இறக்கிக் கட்டிய பெரிய இரும்புத் தொட்டி. அதில் நூற்றுக்கு இருபது பங்கு உப்புக் கரைத்த தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் அம்மோனியா ஓடும் குழாய்கள். அம்மோனியா கொதித்து ஆவியாகும்போது உப்புத் தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். உப்பு இருப்பதால் அந்தத் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரிக்குப் போனாலும் உறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் வரிசை வரிசையாக 220 தகரக் கேன்கள். ஒவ்வொன்றிலும் நல்ல தண்ணீர். ஒரு பகலும் ஓர் இரவும் போனால் ஒவ்வொரு கேனிலும் 50 கிலோ ஐஸ் பார். கேனைச் சங்கிலியில் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வெளிக்காற்று பட்டதும் அதன் உடம்பெங்கும் சின்னச் சின்னதாக வெடிக்கும் சத்தம் கேட்கும். நல்ல பார் என்றால் நடுவில் ஒரு வெள்ளை நரம்பு மட்டும் இருக்கும், மற்ற இடம் கண்ணாடி. அந்தப் பக்கம் நிற்கும் ஆளின் சட்டை நிறம் தெரியும்.

நான் காரைக்குடியில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு வந்தபோது கையில் கணக்கு இருந்தது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர 125 கிலோஜூல் சூட்டை எடுக்க வேண்டும். பூச்சியத்திலேயே வைத்து அதைக் கட்டியாக்க 334. அதற்குக் கீழே குளிர்விக்க இன்னும் ஒரு பதினைந்து, இருபது. அதாவது மொத்த வேலையில் கால் பங்கு, தண்ணீரைக் குளிரவைப்பதற்கு மட்டுமே போகிறது. தண்ணீர்த் தொட்டி வெயிலில் காய்ந்தால் மின்சாரச் செலவு ஏறும். இந்தக் கணக்கை எழுதி முடித்துவிட்டு, தொட்டிக்கு மேல் நிழல் போட வேண்டும் என்று வாப்பாவிடம் சொல்லப் போனேன். தொட்டிக்கு மேலே பனையோலைக் கொட்டகை பதினொரு வருடமாக நின்றுகொண்டிருந்தது. தினமும் அதன் கீழே நடந்து போயிருக்கிறேன். அது எதற்கு என்று ஒரு நாளும் எண்ணியதில்லை.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஐஸுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். அதற்கு வாப்பா வெட்டியிருந்தது ஓர் ஊற்று. கிணறு என்று சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் திருத்துவார்கள். மணலில் வெட்டியது, ஒன்பதே அடி ஆழம், இருபது அடிக்கு மேல் அகலம், சுற்றிலும் காய்ந்த கல் அடுக்கு. மோட்டார் வைத்திருந்தாலும் ஒரேயடியாக ஓட்டவிட மாட்டார். விடியலில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று பிரித்து ஓட்டுவார். கம்ப்ரசர் அழுத்திச் சூடான அம்மோனியா ஆவியை ஆற்றித் திரவமாக்கும் கண்டென்சர் குழாய்களின் மேல் ஊற்றுவதற்குத் தனியாக ஒரு உவர்க்கிணறு. இரண்டையும் கலக்கவே கூடாது என்பது சட்டம். எனக்கு இதெல்லாம் வீண் சுற்றாகத் தெரிந்தது. ஆழமாகத் துளைத்தால் ஒரே மோட்டாரில் ஒரே மூச்சில் தண்ணீர் எடுக்கலாமே என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாப்பா பதில் சொல்லவில்லை. "அகலப்படுத்தலாம், ஆழப்படுத்த வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். காரணம் கேட்டால் அவரிடம் காரணம் இல்லை. காரணம் இல்லாத பேச்சைக் கேட்கும் வயது எனக்கு இல்லை.

1981-இல் வாப்பா ஹஜ்ஜுக்குப் போனார். அந்தக் காலத்தில் பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டும். போய்வர மாதங்கள் ஆகும். கம்பெனிச் சாவி என் கையில். ஆகஸ்ட் மாதம், ஊற்றில் தண்ணீர் கீழே போயிருந்த நேரம். ஊற்றுக்கு இருபது அடி தள்ளி 45 அடிக்கு ஆழ்துளை போட்டேன். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. குடித்துப் பார்த்தேன், இளநீர் மாதிரி இருந்தது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். இரவு பகலாக மோட்டாரை ஓட்டினேன்.

மூன்றாவது வாரம் ஒரு விசைப்படகு உரிமையாளர் பாரை உடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "பாய், பார் உள்ளே பஞ்சாக இருக்கிறது. மீன் பெட்டியில் போட்டால் பாதி வழியிலேயே சொதசொதவென்று ஆகிவிடுகிறது" என்றார். எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி இல்லை, முழுக்க வெள்ளை. நடுவில் விரலை அழுத்தினால் உள்ளே போயிற்று. தண்ணீர் உறையும்போது உப்பைத் தள்ளிவிட்டுத்தான் உறையும். தள்ளப்பட்ட உப்பெல்லாம் நடுவில் சேரும். சேர்ந்தால் நடுத் தண்ணீர் உறையாது. கேனுக்குள் குழாய் வழியாகக் காற்று ஊதுவதும், கடைசியில் நடுவில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுவதும் இதற்காகத்தான். ஆனால் ஊற்றுகிற தண்ணீரே உப்பாக இருந்தால் எதை உறிஞ்சி எதை ஊற்றுவது?

அதுவரைகூட எனக்கு என் தொழிலைப் பற்றிய கவலை மட்டும்தான். அடுத்த நாள் காலையில் எங்கள் கொல்லைப்புறத் தெருவிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். மீனவ வீட்டுப் பெண்கள். அவர்கள் தெருவில் ஒரு சின்ன ஊற்று உண்டு, கைக்கு எட்டுகிற ஆழம், கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிறைப்பார்கள். மூத்தவர் இடுப்பிலிருந்த குடத்தைத் தரையில் இறக்கி வைத்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, இதில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்" என்றார். குடித்தேன். கடல் தண்ணீர் இல்லை. ஆனால் விழுங்கியபின் தொண்டையில் நின்றது. "ஒரு வாரமாக இப்படித்தான். கைப்பிள்ளைக்கு இதைக் கொடுக்க முடியவில்லை" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. அவர்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனதும், அந்தத் தண்ணீர் மணலில் இறங்கியதும் நினைவிருக்கிறது.

மோட்டாரை அன்றே நிறுத்தினேன். உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் வரவழைத்து அந்தத் தெருவுக்கு ஊற்றினேன். கம்பெனி பாதி ஓடியது. நவம்பரில், மழைக்கு நடுவே, வாப்பா வந்து சேர்ந்தார். கையிலிருந்த ஜம்ஜம் தண்ணீர் டின்னைக்கூட இறக்கி வைக்காமல் நேராக ஊற்றுக்குப் போனார். யாரோ வழியிலேயே சொல்லியிருக்கிறார்கள். குனிந்து கையில் அள்ளிக் குடித்தார். என்னைத் திட்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஆழ்துளைக் குழியைத் தானே சிமென்ட் போட்டு அடைத்தார். பிறகு கொல்லைச் சுவரை உடைத்து, எங்கள் ஊற்றிலிருந்து அந்தத் தெருப் பக்கம் ஒரு குழாய் இழுத்துவிட்டார். "ஐஸுக்குத் தண்ணீர் பத்தாமல் போனாலும் இந்தக் குழாயை மூடக்கூடாது" என்றார். அதை எனக்கு இட்ட தண்டனையாக அவர் சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன். இரண்டு மழைக்குப் பிறகே அந்தத் தெரு ஊற்றின் சுவை பழைய நிலைக்கு வந்தது.

காரணத்தை நான் பிறகு நிலத்தடி நீரைப் பற்றிய பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று மிதக்கிறது. மழைத் தண்ணீர் லேசு, கடல் தண்ணீர் கனம். நாற்பதுக்கு ஒரு பங்குதான் வித்தியாசம். அதனால் கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடியை இழுத்துவிட்டால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். நான் 45 அடியில் குழாயை வைத்து இரவு பகலாக இழுத்தேன். உப்பை வா வா என்று கூப்பிட்டிருக்கிறேன். அகலமாக வெட்டி, மேலாக எடுத்து, எடுத்தபின் ஊற நேரம் கொடுப்பதுதான் இந்த மண்ணுக்கு ஏற்ற முறை. வாப்பாவுக்குக் காரணம் தெரியாது, முறை தெரியும். இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக மணலைக் கையால் தோண்டிக் குடித்தவர்களிடமிருந்து வந்த முறை அது.

அதற்குப் பிறகு நான் ஒரு மூங்கில் கழியில் அடியும் அங்குலமும் கீறி, தினமும் காலையில் ஊற்றில் இறக்கி அளந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

இனி இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் பெரும்பகுதி அதோடுதான் கழிந்தது.

அம்மோனியா நல்ல குளிர்பொருள், மலிவானது, ஆனால் செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். ஆகையால் குழாய், வால்வு, பிரஷர் கேஜின் உள் சுருள் வரை எல்லாம் இரும்பும் எஃகுமாகத்தான் இருக்க வேண்டும். மண்டபத்துக் கடல் காற்றோ இரும்பைத் தின்னும். உள்ளே செம்பு ஆகாது, வெளியே இரும்பு நிற்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கரையில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவன் நிற்கிறான். மண்டபம் ஒரு ஒடுக்கமான நிலம், வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் சீறி, எங்கள் வடக்குச் சுவர்ப் பக்கத்து இரும்பில் உப்பு படியும். கச்சான் காற்று மாதங்களில் தென்கடல் முறை. வருடத்தில் காற்று ஓய்ந்து இரும்புக்கு விடுமுறை கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு.

1985 நவம்பரில் வாடைக்காற்று அடித்த ஓர் இரவு. மணி இரண்டு இருக்கும். காவலாளி வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே எனக்கு அம்மோனியா வாடை வந்துவிட்டது. மூக்கில் ஊசி குத்தியது போல் இருக்கும் அந்த வாடையை ஒருமுறை அறிந்தவன் தூக்கத்திலும் அறிவான். காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. தென்மேற்கே, நான் சொன்ன அதே தெரு. முதலில் ஓடியது அங்கேதான். துணியை நனைத்து முகத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லி, பிள்ளைகளையும் கிழவர்களையும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்தோம். அதற்குள் ஃபிட்டர் மாமா கம்ப்ரசரை நிறுத்தி, வால்வுகளைத் திருகி, ஈரத் துண்டோடு கண்டென்சர் மேடையில் ஏறியிருந்தார். அவர் வாப்பாவோடு முதல் நாளிலிருந்து வேலை செய்தவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக் கந்தகத் திரி கொளுத்துவார்கள். கந்தகப் புகையும் அம்மோனியாவும் சந்திக்கும் இடத்தில் பால் போல வெள்ளைப் புகை எழும். மாமா திரியைக் குழாய் இணைப்பு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். நான் டார்ச் பிடித்தேன். மழைத் தூறலில் திரி இரண்டு முறை அணைந்தது. இணைப்புகளில் ஒன்றுமில்லை, வால்வுக் கழுத்துகளில் ஒன்றுமில்லை. குழாயைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்பின் அருகே திரி வந்ததும் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் சுருண்டு எழுந்தது. அந்த இடத்தில் பெயின்ட் கொஞ்சம்கூட உரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் நானே நின்று அடிக்க வைத்த பெயின்ட்.

காலையில் கிளாம்பைக் கழற்றினோம். அடியில் ஈரமான உப்பு ஒரு கோடு, தோசைக்கல்லின் ஓரத்தில் மாவு காய்ந்து ஒட்டியிருப்பது போல. அதைச் சுரண்டினால் குழாயின் சுவர் காகிதமாக இருந்தது, அதில் கடுகளவு துளை. மாமா அந்தத் துளையில் சுண்டுவிரல் நகத்தை வைத்துக் காட்டி, "தம்பி, பெயின்ட் எட்டின இடத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். எட்டாத இடத்தைக் கடல் பார்க்கிறது" என்றார்.

காரைக்குடியில் நான் படித்த கல்லூரிக்குப் பக்கத்திலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே வந்த நிலையம். 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்தார்கள். படித்த காலத்தில் அதன் வாசலைத் தாண்டிப் போவேனே தவிர உள்ளே போனதில்லை. அவர்களுடைய அரிப்புச் சோதனை மையம் மண்டபத்திலேயே இருந்தது. உலோகத் தகடுகளைச் சட்டத்தில் கட்டிக் கடல் காற்றில் காயவிட்டு, எவ்வளவு கரைகிறது என்று எடைபோட்டுப் பார்ப்பார்கள். சோதனைக்கு இதைவிடக் கொடுமையான காற்றை எங்கே தேடுவது? அங்கேதான் எனக்கு விளக்கம் கிடைத்தது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே கசிந்து நீராகிவிடும். மண்டபத்தில் இரவு நேரத்தில் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். மழையே பெய்யாவிட்டாலும் எங்கள் இரும்பு இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்துதான் கிடக்கிறது. பெயின்ட் தேவைதான். அதற்கு முன்னால் உப்பைக் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில்.

அதனால் எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் கழுவுதல் நடந்தது. ஜும்ஆவுக்குப் போய்வந்ததும் நானே குழாயைப் பிடிப்பேன். கண்டென்சர், ஏணி, சங்கிலி, போல்ட் தலை வரை ஊற்றுத் தண்ணீரால் கழுவித் துணியால் துடைப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா கிளாம்புகளையும் தளர்த்தி அடியைப் பார்ப்போம். பார்க்க வந்த ஒரு நண்பர் இது ஒரு பொறியாளர் செய்யும் வேலையா என்று கேட்டார். இதைவிடப் பொறியாளர் செய்ய வேண்டிய வேலை இந்தக் கரையில் இல்லை என்று சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன். பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்த பாலம். 1964 புயல் பிய்த்துப் போட்டதை 46 நாளில் மீண்டும் நிறுத்தினார்கள், அதை ஊரெல்லாம் பேசுகிறது. ஆனால் அந்தப் பாலம் நூறாண்டு தாண்டி நின்றதற்குக் காரணம், சுரண்டிச் சுரண்டி அடித்துக்கொண்டே இருந்த பெயின்ட்காரர்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத கம்பி, புது வகைப் பூச்சு எல்லாம் போட்டிருக்கிறார்கள். 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலே எழும்புவதைக் கரையில் நின்று பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதன் கிளாம்புகளை யார் தளர்த்திப் பார்ப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

தொட்டிக்குள் இருக்கும் உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் டைக்ரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பைக் கலப்பது வழக்கம். நன்றாக வேலை செய்யும். நச்சு. தொட்டியைக் காலி செய்தால் அது போகிற இடம் கடல். நான் 1990-க்குப் பிறகு அதை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக உப்புத் தண்ணீரின் காரத்தன்மையைச் சுண்ணாம்பு கொண்டு சரியாக வைத்து, தகடுகளைச் சீக்கிரமாகவே மாற்றினேன். செலவு கூடியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஐஸ் வியாபாரத்துக்குக் கடலின் நாட்காட்டி உண்டு. 1988-இல் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் ஐஸ் வத்தைப் படகில் ஏறித்தான் போகும். உமி போட்டு மூடி, சாக்குப் போர்த்தி அனுப்புவோம், பாம்பன் போய்ச் சேர்வதற்குள் பத்துக்கு ஒன்று கரைந்துவிடும். பாலம் வந்தபின் லாரி. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும்; மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. எங்களுக்குத் தினமும் 200 பார் விழும், விற்பதோ மூன்று நாள். இடையில் குளிர் அறையில் அடுக்கிக் காக்க வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது எங்கள் வெயிலுக்கு ஏற்ற கணக்கு. அதைக் குறைத்துப் போடுகிற படகுக்காரரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், விற்பனைக்காக அல்ல. கடலில் கிடந்து பிடித்த மீன் கரையில் வந்து பாதி விலைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காது.

மீன்பிடித் தடைக்காலம்தான் எங்களுக்குத் திருவிழா. முதலில் 45 நாள். 2017-இலிருந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகுகள் கரையேறிய மறுநாள் கம்ப்ரசரைப் பிரிப்போம். தொட்டியை இறைத்து, கேன்களைக் கவிழ்த்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்போம். கேன் ஒழுகினால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் அந்த பார் கெடும். நோன்பு அந்த நாட்களில் வந்தால் சின்னதாக ஒரு பகுதியை மட்டும் ஓட்டுவோம். நோன்பு திறக்க நன்னாரி சர்பத்துக்கு ஐஸ் வேண்டுமே. பள்ளிவாசலுக்கும், அதே தெருவின் கோயில் கொடை நாளுக்கும் ஐஸ் எங்களுடையது, காசு கிடையாது. வாப்பா 1996-இல் காலமானார். அன்றைக்கும் அந்தத் தெருவினர் வந்தார்கள், குடம் வைத்த மூத்தவரின் மகள் முன்னால் நின்றாள்.

மூடியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்வெட்டுக் காலத்தில் டீசல் ஜெனரேட்டரில் ஓட்டி நட்டப்பட்டேன். கடல் எல்லையில் சிக்கல் என்றால் வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் என்றால் குளிர் அறையில் ஐஸ் தேங்கும். பெரிய தானியங்கி ஆலைகள் வந்தன. மகளும் மகனும் வேறு வேலைகளில் நன்றாக இருக்கிறார்கள், அவர்களை நான் கூப்பிடவில்லை. 62 வயதில் கண்டென்சர் மேடையில் ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் ஏறிப் பார்க்க முடியாத இரும்பை, பக்கத்தில் தெரு இருக்கும்போது, ஓடவிடக்கூடாது. அதுதான் முடிவு.

அம்மோனியாவை முறைப்படி சிலிண்டர்களில் இறக்கி அனுப்பிய பிறகு பழைய இரும்புக்காரர் வந்தார். கம்ப்ரசரின் ஐந்தடிச் சக்கரத்தைக் கிரேனில் தூக்கும்போது அவர் ஆச்சரியப்பட்டார். "ஐம்பது வருடம் கடலோரத்தில் இருந்த இரும்பு என்று சொன்னால் நம்ப முடியவில்லை, முதலாளி. துருவே இல்லையே" என்றார். எடைக்கு வாங்குகிறவருக்குத் துரு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இருந்தாலும் அவர் அதைச் சொன்னார். என் வேலைக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதை நான் மேலே வைத்திருக்கிறேன். கேன்களைத் தெருவில் உள்ளவர்கள் எடுத்துக்கொண்டார்கள், தண்ணீர் பிடித்து வைக்க.

ஊற்றை மட்டும் விற்கவில்லை. கட்டடத்தை வாங்கியவரிடம் அந்தத் துண்டு நிலத்தைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். இப்போது ஊருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. வராத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் கொல்லைக் குழாயில் வரிசை நிற்கும். மோட்டாரை விடியலில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். மூங்கில் கழி மூன்றாவது கழி. முதல் இரண்டும் இற்றுப்போயின. நோட்டு பதினேழாவது.

இன்று காலை தண்ணீர் 4 அடி 3 அங்குலம். சென்ற வருடம் இதே நாளில் 4 அடி 1. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பிறகு குழாயைத் திறந்துவிட்டேன்.